நாற்பத்தொன்றாவது நொடி

இருநூறு காணொளிகள். எல்லாம் இரைப்பைப் புற்றுநோய்.
ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண்.
நானும் ஹே ரூயினும் தனித்தனியாகப் போடுகிறோம்,
ஒருத்தி போட்டது மற்றவளுக்குத் தெரியக்கூடாது.
லான்சோவில் மார்ச். மஞ்சள் ஆற்றின் மேல் மணற்புழுதி.
பணியறை ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி அடைத்துவிட்டு
இரவுப் பணி முடிந்தும் மேலங்கியைக் கழற்றாமல்
ஒற்றைக் காதில் கருவி மாட்டிக்கொள்கிறேன்.

கேள்விகள் எளியவை.
இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது, சொல்கிறாரா?
சிகிச்சையால் வரும் தொல்லையையும் சொல்கிறாரா?
தெரியாததைத் தெரியாது என்கிறாரா?
கடைசிக் கேள்வியை எங்கள் துறைத்தலைவரிடம்
ஒருநாள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

எண் பன்னிரண்டு, எங்கள் மருத்துவமனையே எடுத்தது.
வெள்ளை அங்கி, வெள்ளைச் சுவர், வெள்ளைக் குரல்.
ஒரு பிழை இல்லை. ஐந்துக்கு ஐந்து.
பார்த்தவர்கள் அறுபத்து மூன்று பேர்,
அதில் இரண்டு பேர் நாங்கள்.

எண் நாற்பது. காடியில் ஊறிய பூண்டு
கட்டியை உப்பாய்க் கரைக்கும் என்கிறான் ஒருவன்.
அடுப்படி பளபளக்கிறது, கத்தி பளபளக்கிறது,
பற்கள் அதைவிட.
இருபது லட்சம் இதயங்கள்.
ஒன்று போட்டேன். அதற்குக் கீழே எண் கிடையாது.

லாரி ஓட்டுநர் லுவோ அந்தப் பூண்டை
எட்டு மாதம் தின்றுவிட்டு வந்தார்.
ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினேன்.
கோபப்படத்தான் நினைத்தேன்.
"நீங்கள் பேசினால் எனக்குப் பயமாக இருக்கிறது டாக்டர்,
அவன் பேசினால் பசித்தது" என்றார்.
படத்தைக் கழற்றி உறைக்குள் போட
இரண்டு முறை முயன்றேன், மூலை மடங்கியது.

எண் நூற்று முப்பத்தேழு.
மா ஷௌயி, மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைக்காரர்.
இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்தாகிவிட்டது.
மாவை இழுத்தபடி பேசுகிறார்,
ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி:
"முன்பெல்லாம் மூன்று கிண்ணம். இப்போது ஏழு வாய்.
கல்லாவில் வராத கணக்கு வயிற்றில் வந்துவிட்டது."
மிளகாய் எண்ணெய் தையலை ஆற்றும் என்கிறார். சுத்தத் தவறு.
எந்த ஆய்வும் இல்லை, எந்தத் தேதியும் இல்லை.
நாற்பத்தொன்றாவது நொடியில்
மாவைப் பலகையில் ஓங்கி அறைகிறார்:
"மூன்று மாதம் தார் மாதிரிக் கறுப்பாய்ப் போனது.
கறுப்பு எள் தின்றதால் என்று விட்டுவிட்டேன்.
நீங்கள் விடாதீர்கள்."
மாவு மறுபடி நீள்கிறது.

நான் இரண்டு போட்டிருந்தேன், ரூயின் ஒன்று.
மாறுபட்டால் பேசி ஒன்றாக்க வேண்டும், விதி.
"ஆதாரம் இல்லை. மிளகாய் எண்ணெய் வேறு.
யாராவது தையல் மேல் ஊற்றினால்?"
அவள் சொன்னது சரி.
ஒன்றரை போட இடமில்லை.
ஒன்று என்று திருத்தினேன்.

செவ்வாய்க்கிழமை, புறநோயாளிகள் பிரிவு.
தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் தாவோ ஷியுமெய்
நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து,
கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு,
"பத்து நாளாய்க் கறுப்பாய்ப் போகிறது" என்றார்.
நான் வாய் திறக்கும் முன்னே,
"எள் எதுவும் தின்னவில்லை."

எங்கே கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை.
எண்டோஸ்கோப்பி வியாழக்கிழமை காலை.
என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது.
தெரியாது என்றே சொன்னேன்.

மதிப்பெண் தாளின் ஓரத்தில் குறிப்புக்கு
விரல்கடை அகலம் இடம் உண்டு.
நூற்று முப்பத்தேழுக்கு நேரே 41 என்று எழுதினேன்.
"இது என்ன?" என்றாள் ரூயின்.
"நொடி."
அவள் அழிக்கவில்லை. கூட்டுத்தொகையில் அது சேராது.

மதியம் மருத்துவமனைக்கு எதிர்க்கடையில்
ஆவி பறக்கும் கிண்ணத்தின் முன் உட்கார்ந்து
ஏழு வாய் எண்ணினேன்.
எட்டாவதும் உள்ளே போனது.